வாசுதேவநல்லூர் வழியில் ஒரு கும்மந்தான்

ஆனி பிறந்து மேற்கே மேகம் கறுத்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதாமே, எப்போது புறப்படுகிறோம்?" எண்ணெய் ஒரு பாட்டிலில், சீயக்காய் ஒரு டப்பாவில், புளியோதரை ஒரு தூக்கில். குழந்தைகள் இப்போதே நனைந்துவிட்டவை போலக் கூத்தாடும். வீட்டுத் தலைவர் மட்டும் லீவைப் பற்றி முனகிவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் முன்னால் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மதுரைப் பக்கமிருந்து வருகிறீர்களா? அப்படியானால் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாய் ஊர்களைத் தாண்டித்தான் தென்காசி வந்து சேர வேண்டும். வாசுதேவநல்லூர் வரும்போது பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு நிமிஷம் உங்களைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதுதான் இந்த வாரம் என் ஆசை. ஏனென்றால், பெரிய பெரிய பிரெஞ்சுத் தளபதிகளுக்கெல்லாம் தண்ணீர் காட்டிய ஒரு தமிழ்நாட்டுச் சேனாதிபதி, இந்த ஊர் மண்கோட்டைக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவரே பிறகு ஒரு நாள் பிரெஞ்சுக் கொடியைத் தம் கோட்டையில் ஏற்றினார். அதற்காகத் தூக்கிலும் தொங்கினார்.

கும்மந்தான் கான் சாகிப் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'கமாண்டன்ட்' என்ற பட்டாளத்துச் சொல் நம் ஜனங்களின் வாயில் புகுந்து புறப்பட்டபோது 'கும்மந்தான்' ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் அசலைவிட இதற்குத்தான் கம்பீரம் அதிகம்! யூசுப் கான் என்பது அவருடைய பெயர். பிறந்தபோது வைத்த பெயர் மருதநாயகம் என்பது வழிவழியாக வந்த செய்தி. ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற கிராமம். சுமார் 1725-ம் வருஷத்தை ஒட்டிப் பிறப்பு. வேளாளர் குடும்பம் என்று சொல்வார்கள். பையன் வீட்டுக்கு அடங்காமல் ஓடிப் போனான், இஸ்லாத்தில் சேர்ந்தான், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தான், அங்கே அவர்கள் பாஷையையும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டான் என்பதெல்லாம் அவனுடைய இளமையைப் பற்றிச் சொல்லப்படும் கதை.

1752-ல் கிளைவிடம் சிப்பாய்களோடு வந்து சேர்ந்ததிலிருந்து கதை சரித்திரம் ஆகிறது. 'அவன்' என்று எழுதுவதையும் இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

திருச்சிராப்பள்ளி முற்றுகை நடந்த காலம் அது. ஆற்காட்டு நவாப் பட்டம் முகம்மது அலிக்கா, சந்தா சாகிப்புக்கா என்று சண்டை. ஒருவர் பின்னால் இங்கிலீஷ்காரர்கள், இன்னொருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். மலைக்கோட்டையைச் சுற்றி எதிரிப் பட்டாளம் வளைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அரிசி வேண்டும். அரிசி வண்டிகளையும் பொதி மாடுகளையும் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதுதான் யூசுப் கானுக்குக் கிடைத்த வேலை. வீட்டில் நாலு பேருக்கு ஒரு வாரம் அரிசி தட்டுப்பட்டால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பட்டாளத்துக்கே தட்டுப்பட்டால்? பீரங்கி சுட்டவர்களின் பெயரெல்லாம் புஸ்தகத்தில் இருக்கிறது. ஆனால் திருச்சியைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு இந்த அரிசி வண்டிகளுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

1754-ல் அவருடைய தலைக்கே ஆபத்து வந்தது. இங்கிலீஷ் பட்டாளத்தில் துபாஷியாக இருந்த பொன்னியப்பா என்பவன் மைசூர்க்காரர்களோடு ரகசியமாகப் பேசிக்கொண்டு, யூசுப் கான் துரோகி என்று தோன்றும்படி ஒரு பொய்க் கடிதத்தைக் கிடைக்கச் செய்தான். விசாரணை நடந்தது, குட்டு உடைந்தது, பொன்னியப்பாவைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். துரோகி என்ற பட்டத்திலிருந்து யூசுப் கான் மயிரிழையில் தப்பினார். பத்து வருஷம் கழித்து அதே பட்டத்தைச் சூட்டினார்கள். அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

கம்பெனிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் அவரைக் கும்மந்தான் ஆக்கினார்கள். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய மேலதிகாரி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரைப் பிறவிப் படைவீரர் என்றே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் புகழ்ச்சியிலும் அவருடைய தோலின் நிறத்தைக் குறிப்பிடாமல் லாரன்ஸுக்கு இருக்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லாலி வருகிறார். கல்யாணத்தில் ஊஞ்சலுக்குப் பாடுகிற லாலி இல்லை, லாலி பிரபு. பிரான்ஸ் தேசத்து லெப்டினென்ட் ஜெனரல். தகப்பனார் அயர்லாந்துக்காரர். 1745-ல் பான்டனாய் யுத்தத்தில் காட்டிய பராக்கிரமத்துக்காக அரசர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே பதவி உயர்வு கொடுத்தார் என்றால், சாமானிய ஆளா? இந்தியாவிலிருந்து இங்கிலீஷ்காரர்களைத் துடைத்தெறிந்துவிட்டு வா என்று அவரை அனுப்பினார்கள். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் மாதமே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆரம்பம் பிரமாதம்தான். அப்புறம்தான் வினை. கையில் பணம் இல்லை. தஞ்சாவூர் ராஜாவிடம் பழைய கடனை வசூலிக்கப் புறப்பட்டார். போகிற வழியில் கீவளூர்க் கோயிலில் புதையலைத் தேடித் தோண்டினார். புதையலும் கிடைக்கவில்லை, தஞ்சாவூரும் கிடைக்கவில்லை. மூட்டை சுமக்க ஆள் போதாதபோது, ஜாதி ஆசாரம் எதையும் பாராமல் புதுச்சேரி ஜனங்களைப் பிடித்து வேலை வாங்கினாராம். ஊரே அவரை வெறுத்தது. வீரம் நிறைய இருந்தது, விவேகம் மருந்துக்கும் இல்லை.

அந்த லாலி 1758 டிசம்பரில் சென்னைப் பட்டணத்தை முற்றுகை போட்டார். கோட்டைக்கு உள்ளே லாரன்ஸ். கோட்டைக்கு வெளியே, செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் நடுவே, தெற்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட நம் கும்மந்தான். திருச்சியில் அரிசி வண்டிகளைக் காப்பாற்றியவருக்கு, அடுத்தவன் அரிசி வண்டியை எப்படிக் கவிழ்ப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமா? லாலியின் பட்டாளத்துக்கு வந்த தானியத்தையும் மாடுகளையும் வழியிலேயே மடக்கினார். விரட்டினால் ஓடுவார்; திரும்பிப் பார்த்தால் இன்னொரு பக்கம் நிற்பார். இந்த ஈக்களை ஓட்டி மாளவில்லை என்கிற ரீதியில் லாலியே நொந்துகொண்டார். 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் கண்ணில் பட்டதும் முற்றுகையைக் கைவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மறு வருஷம் ஜனவரி 22 வந்தவாசியில் தோல்வி. அதற்கு மறு வருஷம் ஜனவரி 16 புதுச்சேரியே போயிற்று.

லாலியை இங்கே விட்டுவிட்டுக் கும்மந்தானுடன் நாம் தெற்கே போவோம். சென்னையில் வேலை முடிந்தது என்று அவரை மறுபடியும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பினார்கள்.

திருநெல்வேலிச் சீமைக்கு இத்தனை பேர் ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பதில் குற்றாலத்து அருவியிலேயே இருக்கிறது. உங்கள் தலையில் விழுந்து உச்சி குளிர வைக்கிற தண்ணீர் அத்தோடு நின்றுவிடுகிறதா? சிற்றாறாக ஓடித் தென்காசியைத் தொட்டு, வயலுக்கு வயல் பாய்ந்து, தாமிரபரணியில் கலக்கிறது. சாரல் காலத்துத் தண்ணீரில் கார் சாகுபடி, ஐப்பசி கார்த்திகை மழையில் பிசானம். இரண்டு போகம் நெல் என்றால் நவாபுக்கு வரி, கம்பெனிக்குக் கடன் வசூல். அந்த வயல்களுக்கும் நவாபின் பணப்பைக்கும் நடுவே பாளையக்காரர்கள் நின்றார்கள். அவர்களில் முதல்வர் நெற்கட்டும்செவல் புலித்தேவர். கப்பம் கட்ட முடியாது என்று 1755-லேயே இங்கிலீஷ் கர்னல் ஹெரானைத் திருப்பி அனுப்பியவர்.

அன்றைக்கு இந்தப் பக்கத்துப் பூகோளமும் வேறு. தென்காசி தனி ஜில்லா ஆனது 2019-ல்தான். செங்கோட்டை 1956 வரை மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. ஆக, குற்றாலத்தின் வாசற்படியிலேயே திருவாங்கூர் உட்கார்ந்திருந்தது. திருவாங்கூரும் புலித்தேவரும் ஒரே கட்சி. கும்மந்தான் இங்கே கத்தியை உறையில் போட்டுவிட்டு மூளையை எடுத்தார். திருவாங்கூர் ராஜா வெகுநாளாக ஆசைப்பட்ட களக்காட்டுப் பிரதேசத்தை விட்டுக்கொடுத்து அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மலைக்கு அப்பாலிருந்து வந்த பட்டாளம் அவரோடு சேர்ந்தது. தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வடகரைப் பாளையம் முதல் பலி. பாளையக்காரர் கோட்டையை விட்டு வெளியேறிப் புலித்தேவரிடம் போய்ச் சேர்ந்தார். குற்றாலக் குறவஞ்சி பிறந்து சில பத்து வருஷங்கள்தான் ஆகியிருந்தன. குறத்தி குறி சொன்ன மலையடிவாரத்தில் இப்போது பட்டாளம் கூடாரம் அடித்தது.

1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர். இந்த இடத்தைத்தான் பஸ்ஸில் தூங்காமல் பாருங்கள் என்றேன். கல்கோட்டை என்றால் குண்டு பட்ட இடம் பிளந்து விழும். இதுவோ மண்கோட்டை, இறுகிக் காய்ந்த கனத்த சுவர். குண்டு வந்து புதைந்துகொள்ளும், சுவர் அப்படியே நிற்கும். பிசைந்த மாவில் கல்லை எறிந்தாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கும்மந்தானின் சிப்பாய்கள் ஏறிப் பாய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இடம் கொடுக்கவில்லை. அதே சமயம் நெற்கட்டும்செவலிலிருந்து புலித்தேவரின் ஆட்கள் வந்து பின்பக்கம் தாக்கினார்கள். லாலியை ஓட்டியவர் லாலியைப் போலவே முற்றுகையை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

ஆனால் அவர் மறுபடி வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் அவர் கையில் விழுந்தன. (இந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் இல்லை.) புலித்தேவர் காட்டுக்குள் மறைந்தார். சங்கரன்கோவிலில் அம்மன் சந்நிதியில் ஜோதியோடு ஜோதியாய்க் கலந்தார் என்பது அந்தப் பக்கத்து ஐதிகம். இன்றைக்கும் அந்தக் கோயிலில் அவர் பெயரால் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள்.

கான் சாகிப்பை வீரர் என்று கொண்டாட வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றப் போவதில்லை. புலித்தேவருக்கு அவர் எமன். கள்ளர் நாட்டில் அவர் பட்டாளம் நடத்திய வேட்டை கொடுமையானது. கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும், நம் ஊர் ஜனங்களை நம் ஊர்க்காரர் ஒருவரே அடக்கினார். இதை மறைத்தால் புலித்தேவருக்குச் செய்கிற துரோகம். அதே மனிதர் மதுரையில் ஏரி குளங்களைச் செப்பனிட்டார், வழிப்பறியை ஒடுக்கினார், மீனாட்சியம்மன் கோயிலில் நின்றுபோயிருந்த பூஜைகளுக்கும் நிலங்களுக்கும் வழி செய்தார். இதை மறைத்தால் அவருக்குச் செய்கிற துரோகம்.

அவருடைய ஆட்சியில் வரி ஒழுங்காக வந்தது. அதுவே அவருக்குக் குழி தோண்டியது. மதுரை, திருநெல்வேலி இரண்டையும் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு எடுத்திருந்தார். 1761-ல் 7 லட்சம் தருகிறேன், இன்னும் நாலு வருஷம் விடுங்கள் என்றார். ஏழு லட்சத்தைப் பார்த்து நவாப் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்தார். இத்தனை பணம் தரக்கூடியவன் இத்தனை பட்டாளமும் வைக்கக்கூடியவன் அல்லவா? பணத்தை இனி நவாப் வழியாகத்தான் கட்ட வேண்டும், நவாபின் சேவகனாகத்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. சென்னைக்கு வா என்றார்கள். போனால் திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும், போகவில்லை.

1763-ன் தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. லாலியின் வயிற்றில் அடித்த கும்மந்தான் லாலியின் கொடியை ஏற்றுகிறார்! ஆனால் எப்போது ஏற்றுகிறார் பாருங்கள். புதுச்சேரி தரைமட்டமாகிவிட்டது. பிரெஞ்சு ஜெனரல்கள் ஒருவர்கூட இந்த மண்ணில் மிச்சமில்லை. மார்ச்சான் என்ற ஓர் அதிகாரியும் அவர் கீழ் இருநூறு பேர் அளவில் பிரெஞ்சுச் சோல்ஜர்களும்தான் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். அதே பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் ஒரு ஷரத்தில், முகம்மது அலியே கர்நாடகத்துக்கு உரிய நவாப் என்று பிரான்ஸும் ஒப்புக்கொண்டது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்கள் பேனாவால் ஒரு கோடு கிழித்தார்கள். மதுரையில் ஏறிய பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிற்று.

இருந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார். முதலில் வந்த மான்ஸன் மழையில் மாட்டிக்கொண்டு திரும்பினார். 1764 ஜூனில் பிரஸ்டன் நேரடியாகக் கோட்டை மேல் பாய்ந்து படுகாயப்பட்டு மாண்டார். ஒரு காலத்தில் கும்மந்தானோடு தோளோடு தோள் நின்று லாலியை எதிர்த்த பிரஸ்டன்தான் அவர். பின்னால் வந்த காம்பெல் கெட்டிக்காரர். இனிப் பாய்ச்சல் வேண்டாம், அரிசி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். திருச்சியில் அரிசி வண்டியால் உயர்ந்தவர் மதுரையில் அரிசி வண்டி வராமல் விழுந்தார்.

கோட்டைக்குள்ளே அவருடைய மனைவி இருந்தாள். மாசா என்று தமிழில் சொல்வார்கள். போர்த்துகீசிய வம்சத்துக் கிறிஸ்தவப் பெண். இடுப்பில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை. சரித்திரம் எழுதிய ஆண்கள் பீரங்கியின் எடையை ராத்தல் கணக்கில் எழுதிவிட்டு, இவளுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். தானியம் தீர்ந்துவரும் கோட்டையில், நாளுக்கு நாள் முகம் இருண்டுவரும் கணவனோடு, அந்தப் பிள்ளைக்கு எதைக் காய்ச்சிக் கொடுத்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை.

சரணடையலாம் என்று மார்ச்சான் சொன்னபோது கும்மந்தான் கோபத்தில் அவரை அடித்தே விட்டாராம். அந்த அடி வினையாக முளைத்தது. மார்ச்சானும், திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிப்பும் கூடிப் பேசினார்கள். 1764 அக்டோபர் 13; தொழுகையில் இருந்தவரைப் பிடித்து அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள். சத்தம் போட ஓடிய வேலைக்காரன் ஒருவனை வெட்டிப் போட்டார்கள். செய்தி கேட்டு மாசா தன்னால் திரட்ட முடிந்த ஆட்களைத் திரட்டிப் பார்த்தாள். துப்பாக்கியோடு நின்ற ஐரோப்பியர்களிடம் அது செல்லவில்லை.

15-ந் தேதி மதுரைக்கு மேற்கே நவாபின் பாசறையில் தூக்கு. கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்றும், உடலைத் துண்டாக்கித் திருச்சிக்கும் பாளையங்கோட்டைக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். செத்த பிறகும் பயந்தார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மதுரைக் காளவாசலுக்கு அப்பால் சம்மட்டிபுரத்தில் அவருடைய சமாதியின் மேல் 1808-ல் எழுந்த சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. அவருடைய கதையைப் பாடும் 'கான்சாகிபு சண்டை' என்ற நாட்டுப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972-ல் வெளியிட்டது. 1997-ல் 'மருதநாயகம்' என்று கமல் ஹாசன் படம் ஆரம்பித்தபோது, தொடக்க விழாவுக்கு வந்தவர் இங்கிலாந்தின் எலிசபெத் ராணி! படம் முடியாமலே நின்றுவிட்டது.

லாலியை நடுவழியில் விட்டுவிட்டோமே, அவர் என்ன ஆனார்? கைதியாக இங்கிலாந்து போனார். பிரான்ஸில் தம்மைத் துரோகி என்று தூற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்லித் தீர்ப்பேன் என்று தாமே பாரிஸுக்குப் போனார். பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். 1766 மே 9, கும்மந்தான் தூக்கில் தொங்கி இரண்டு வருஷங்கூட ஆகாத நிலையில், பேசவிடாமல் வாயை அடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். புதுச்சேரி போனதற்கு யாராவது ஒருவர் பழி சுமக்க வேண்டியிருந்தது.

தகப்பனார் யார் என்றே சொல்லாமல் வளர்க்கப்பட்ட ஒரு மகன் லாலிக்கு இருந்தான். அப்போது அவனுக்கு வயது 15. உண்மை தெரிந்ததும் தகப்பனார் பெயரைத் துடைப்பதே வாழ்க்கை என்று கிளம்பினான். கிழவர் வால்டேர் அவனுக்காகப் பேனாவைத் தூக்கினார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. செய்தி வந்தபோது வால்டேர் மரணப்படுக்கையில் இருந்தார், ஆனாலும் பையனுக்குச் சந்தோஷமாக நாலு வரி எழுதினார்.

மாசாவின் கையில் இருந்த பையனுக்கு அப்போது பேச்சே சரியாக வந்திராது.